சம்பந்தி வண்டியில் பதினேழு உருளை

வண்டிக் குறிப்பேடு. வண்டி எண் 4. கரிசல்குடி, செவ்வாய்க் கிரகம்.
எழுதுபவர்: சீனித்தாய், முன்வண்டி ஓட்டுநர்.

புறப்பாட்டுக்கு 9 நாள் முன். காலை 6.40

சக்கரம் ஆறும் சரி. மூன்றாவதில் சிறு தேய்மானம், ஓடும். மின்கலம் 98. வெளியே குளிர் மைனஸ் 61.

இன்று குறிப்பு தொடங்குகிறது. முன்வண்டி ஓட்டுநர் தன் கையால் எழுத வேண்டும் என்பது விதி. வானொலியில் பேசுவதை வண்டியே கேட்டு, எழுதி, இடையில் ஒட்டிக்கொள்ளும். குரலும் பெட்டியில் பதிவாகும். யார் கையில் கிடைத்தாலும் விளங்கும்படி எழுதச் சொல்கிறது விதி. அப்படியே எழுதுகிறேன்.

பயணம்: ஓய்வு பெறும் ஓட்டுநர்களுக்கு எங்கள் குடியிருப்பு பரிசாகத் தரும் பார்வைப் பயணம். சரக்கு இல்லை, அவசரம் இல்லை. பாலைக்குக் குறுக்கே வடகுடி வரை பத்து நாள். வழியில் அழகானதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டு போகலாம். ஒற்றை வண்டிக்கு அனுமதி கிடையாது. இரண்டு வண்டி, ஆளுக்கு ஒன்று.

என்னோடு வருகிறவர் தர்மநாயகம். என் சம்பந்தி. என் மகள் பொன்மாரியின் மாமனார். முன்பு வழித்தடத் தலைவராக இருந்தவர். துணைக்கு வருகிறீர்களா என்று நான்தான் கேட்டேன். கேட்டு முடிக்குமுன் சரி என்றார். பொன்மாரி போன பிறகு எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பேச்சு இல்லை. இப்போது ஊர் பார்க்க இரண்டு பேரும் ஒன்றாகப் போனால் அவர்மேல் குறையில்லை என்று ஆகிவிடும் அல்லவா. அதற்காகத்தான் வருகிறார்.

8 நாள் முன். காலை 7.05

எண்ணெய் மாற்றினேன். இழுவைக் கயிறு என் வண்டியில். சோதித்தேன், நல்ல கயிறு.

இந்த ஏட்டைக் கண்டெடுப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் பொன்மாரி பள்ளத்தாக்கு விளிம்பில் மாவுக்குழியில் இறங்கிச் செத்தாள். மாவுக்குழி என்றால், மேலே அப்பளம் போல ஒரு தோல், கீழே ஆள் முழுகும் அளவுக்கு மாவு மாதிரித் தூசி. சம்பந்திதான் அன்று தலைவர். அவர் எழுதிய அறிக்கை இது: "ஓட்டுநர் பொன்மாரி சொல்லாமல் தடம் விலகிச் சென்றார். நான் நாற்பது கிலோமீட்டர் தெற்கே பழைய தடத்தில் இருந்தேன்."

வண்டியைத் தோண்டி எடுக்கப் போன ஆட்களோடு நானும் போனேன். குழிக்கு இருபது தப்படி பின்னால் இன்னொரு வண்டியின் சக்கரத் தடம் வந்து நின்று, திரும்பிப் போயிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காற்று அழித்துவிட்டது. குடியிருப்புச் சபையில் சொன்னேன். "அஞ்சாப்பு படிச்ச அம்மா, பிள்ளை போன துக்கத்துல பேசுது" என்று எழுதிக்கொண்டார்கள். முப்பத்தொரு வருடம் தடம் பார்த்து வண்டி ஓட்டியவள் நான். தடம் படிக்க ஐந்தாம் வகுப்பு அதிகம்.

அதோடு விட்டார்களா? பயிற்சியில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி, இன்று இந்த ஊரில் கவனக்குறைவுக்கே அவள் பெயர்தான். எவனாவது பூட்டைச் சரியாகப் பூட்டாவிட்டால் "பொன்மாரி பண்ணிட்டான்" என்கிறார்கள். போன மாதம் என் பேத்தி செவ்வந்தி, பத்து வயது, தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அய்யோ ஆச்சி, பொன்மாரி பண்ணிட்டேன்."

தன் தாயின் பெயர் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்வதால் அவளும் சொல்கிறாள்.

அன்று முடிவு செய்தேன்.

7 நாள் முன். காலை 11.15

வழி பேசினோம். பதிவு:

சம்பந்தி: சம்பந்தியம்மா, வழிப் படத்தப் பாத்தீகளா? மூணாம் நாள் சங்குப் பாறை. நாலாம் நாள் ஏழு மடிப்பு. அங்கன சூரியன் எறங்கையில வானம் நீலமாகும் பாருங்க, அதப் பாக்காமச் செத்தா கட்டை வேகாது.

நான்: இங்கன எவன் கட்டைய வேகவைக்கான்? பொதைக்கத்தான செய்யுதாக.

சம்பந்தி: (சிரிப்பு) உங்க வாய்க்கு முன்னால நான் நிக்க முடியுமா! புகைப்படப் பெட்டியும் அது நிக்குற மூணு காலும் எடுத்து வச்சாச்சு. உங்களையும் ஒரு படம் புடிச்சுத் தாரேன்.

நான்: அஞ்சாம் நாள் என்ன வச்சிருக்கீக?

சம்பந்தி: அது சும்மா ஓட்டம்தான். பழைய தடம்.

நான்: பழைய தடத்துல என்ன இருக்கு, கல்லும் மண்ணும். வடக்க 'மயில்தோகை'ன்னு புதுசா ஒரு எடம் பாத்திருக்காக. பாறை முழுக்கப் பச்சையும் நீலமுமா வரிவரியா இருக்காம்.

சம்பந்தி: விளிம்புக்குப் பக்கமா?

நான்: விளிம்புக்கு நான் போவேனா சம்பந்தி? வாயில நல்ல வார்த்தை வராதா?

சம்பந்தி: இல்ல இல்ல, தப்பா எடுத்துக்காதீக. மயில்தோகை. பேரு நல்லாத்தான் இருக்கு. வச்சிருங்க.

மயில்தோகை என்று ஒரு இடம் கிடையாது. பெயர் நான் வைத்தது.

6 நாள் முன். மாலை 4.20

யார் முன்னால் போவது என்று பேச வேண்டியிருந்தது. அவர் தலைவராக இருந்தவர், முன்னால் போவேன் என்பார், அதை எப்படி மாற்றுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். வீண் யோசனை. அவரே சொன்னார்.

சம்பந்தி: நீங்க முன்ன போங்க. பொண்ணு வீட்டுக்காரங்க முன்ன போயி வாங்க வாங்கன்னு கூப்புடுறதும், பையன் வீட்டுக்காரன் பின்னால வந்து எறங்குறதும்தான நம்ம மொறை.

நான்: அது சரிதான். எறங்குன ஒடனே காப்பி நீட்டணுமோ?

சம்பந்தி: சீனி தூக்கலா!

பின்வண்டி ஓட்டுநர் வழிப்படம் பார்ப்பதில்லை. முன்வண்டியின் தடத்தில் சக்கரம் வைத்து வருவதுதான் அவர் வேலை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அதுதான் முதல் பாடம். அவர் படம் பார்க்க மாட்டார்.

3 நாள் முன். காலை 9.30

கணக்கு இதுதான். வெறும் வண்டியாக இருந்தால் குழி ஓரத்துத் தோல் தாங்கும். பாரம் இருந்தால் தாங்காது. ஓரத்தில் ஆழம் இடுப்பளவு. அன்று தோண்டும்போது கம்பி விட்டுப் பார்த்திருக்கிறேன். இறங்கினால் வண்டி வயிறு தட்டி நிற்கும், முழுகாது. ஆள் சாக மாட்டார். வண்டியை விட்டு நடக்கவும் முடியாது.

என் பொருளில் பாதியை அவர் வண்டியில் ஏற்றுகிறேன். மாற்றுச் சக்கரம் நான்கு, கருவிப் பெட்டி, தண்ணீர்ப் பீப்பாய். அவர் இறங்கி நிற்பார். நான் எதிர்ப்பக்கம் பாறையில் நின்று கேட்பேன். உண்மையைச் சொன்னால் கயிறு. இல்லாவிட்டால் இல்லை.

காற்று உருளை ஆளுக்குப் பதினான்கு. ஒரு நாளுக்கு ஒன்று. பத்து நாள் போக நான்கு மிச்சம். ஆகவே நான்கு நாள் நான் காத்திருக்கலாம். அவ்வளவு தேவைப்படாது. அவர் ஒரு வேளை காப்பி தள்ளிப்போனாலே தாங்காதவர்.

நாள் 1. காலை 8.50

புறப்பட்டோம். வண்டிக் கொட்டகையில் வழியனுப்ப இருபது பேர், தலைக்கவசத்தோடு. எல்லாப் பேச்சும் வானொலியில்தான். பதிவில் இருப்பதை அப்படியே விடுகிறேன், என் முட்டாள்தனம் தெரியட்டும்.

பஞ்சவர்ணம் (பக்கத்து வீட்டுக்காரி): ஏத்தா சீனித்தாயி, சம்பந்தி வண்டியில என்ன ஏத்தியிருக்க? சக்கரமும் இரும்பும். இதுதான் பொண்ணு வீட்டுச் சீரா?

(பலர் சிரிப்பு)

சம்பந்தி: விடுங்கம்மா. அவுக குடுக்குறத வாங்கிக்கிடுவோம். நாங்க என்னைக்குக் கேட்டோம்?

பஞ்சவர்ணம்: அவரு கேக்க மாட்டாரு, பெரிய மனுசரு. நீதான் பாத்துச் செய்யணும்.

நான்: ஏ, வாய மூடுட்டீ. எங்க வீட்டுல சம்பந்திக்குக் கொறைச்சு அனுப்புன வழக்கம் கெடையாது. இந்தா.

என் பதினான்கு உருளையில் மூன்றைத் தூக்கி அவர் வண்டியில் வைத்தேன். ஊரே கை தட்டியது. கலியாணத்தன்றும் இப்படித்தான், அவர்கள் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தேன். கை தானாகப் போகிறது.

இப்போது எனக்குப் பதினொன்று. அவருக்குப் பதினேழு. கொட்டகைக் கதவு மூடிய பிறகுதான் கணக்கு உறைத்தது. நான்கு நாள் காத்திருக்கலாம் என்றது ஒரு நாளாகிவிட்டது.

போதும். ஒரு நாள் போதும்.

நாள் 3. பகல் 1.10

சங்குப் பாறை. மின்கலம் 91. அவர் இறங்கி அறுபது படம் எடுத்தார். நான் காப்பி போட்டுக் குழாய்ப் பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இங்கிருந்து எட்டாம் நாள்வரை குடியிருப்போடு தொடர்பு இல்லை. இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று பேசலாம், அவ்வளவுதான்.

பாறை அழகாகத்தான் இருந்தது. பொன்மாரி பார்த்திருப்பாள்.

நாள் 4. மாலை 6.00

ஏழு மடிப்பு. சூரியன் இறங்குமிடத்தில் வானம் நீலமானது. பதிவு:

சம்பந்தி: சொன்னேனா இல்லையா?

நான்: சொன்னீக.

சம்பந்தி: சம்பந்தியம்மா, மனசு லேசாயிருக்கு. எட்டு வருசமா நீங்க மூஞ்சி குடுத்துப் பேசல. இந்தப் பயணம் போயிட்டு வந்தா எல்லாம் சரியாயிரும்.

நான்: ஆமா சம்பந்தி. சரியாயிரும்.

நாள் 5. காலை 10.25

தெற்கே சுற்றாமல் வடக்கிலிருந்து விளிம்புக்கு வந்தேன். இந்தப் பக்கமிருந்து வந்தால் அவருக்கு இடம் பிடிபடாது. குழியின் ஓரத்தில் மெதுவாக, நடைவேகத்தில் ஏறினேன். தோல் முனகியது, தாங்கியது. எதிர்ப்பக்கப் பாறையில் ஏறி நின்றேன். அவர் என் தடத்திலேயே வந்தார். பதிவு:

சம்பந்தி: எங்க மயில்தோகை? ஒண்ணையும் காணுமே. சம்பந்தியம்மா, வண்டி எறங்குது. நில்லுங்க. நில்லுங்க!

நான்: நின்னுட்டேன்.

சம்பந்தி: கயிறு போடுங்க சீக்கிரம்!

நான்: எடது பக்கம் பாருங்க சம்பந்தி. மூணு கல்லு அடுக்கியிருக்கு. அடுக்குனது நான்தான், எட்டு வருசத்துக்கு முன்னால. எடம் தெரியுதா?

(சக்கரம் வீணாகச் சுழலும் சத்தம்)

சம்பந்தி: பாவி.

நான்: யாரு?

வண்டி வயிறு தட்டி நின்றது. சக்கரம் முழுக்க உள்ளே. எனக்கும் அவருக்கும் இடையே நூறு அடி.

நாள் 5. பகல் 12.40

சொன்னேன். விளிம்பு வழியாகப் போகச் சொன்னது யார் என்று சொல்லுங்கள். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். வண்டி எழுதிக்கொள்ளும். சொன்ன மறு நிமிடம் கயிறு வரும்.

அவர் கத்தினார். பிறகு கெஞ்சினார். பிறகு வானொலியை அணைத்துவிட்டார்.

நாள் 6. காலை 7.30

அவர் நிதானமாகிவிட்டார். பதிவு:

சம்பந்தி: காலை வணக்கம் சம்பந்தியம்மா. காப்பி குடிச்சாச்சா? நான் ரெண்டு குடிச்சேன். தண்ணிப் பீப்பா எங்கிட்டல்லா இருக்கு.

நான்: குடிங்க. வயித்துக்குள்ள இருக்குறதச் சொல்லத் தெம்பு வேணும்.

சம்பந்தி: நான் ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். நீங்க பதினொண்ணுல அஞ்ச முடிச்சாச்சு, மிச்சம் ஆறு. வடகுடிக்கு அஞ்சு நாளு ஓட்டம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பொறப்படலேன்னா நீங்க போயிச் சேர முடியாது. எனக்குப் பன்னெண்டு இருக்கு. எட்டாம் நாளு நம்ம சத்தத்தக் காணும்னா ஒம்பதாம் நாளு ஆள் கெளம்பும், பதிமூணாம் நாளு இங்கன நிக்கும். அப்பமும் எங்கிட்ட நாலு உருளை மிச்சம் கெடக்கும். (சிரிப்பு) நீங்க ஏத்துன சீரு, தாயி! சம்பந்திக்குக் கொறைக்கக் கூடாதுன்னு ஏத்துனீகளே!

நான்: சிரிங்க.

சம்பந்தி: சரி, உங்க ஆசைக்குச் சொல்லுதேன். நான்தான் போகச் சொன்னேன். நான்தான் கொன்னேன். போதுமா? இப்ப இழுங்க.

நான்: இத ஊருல வந்து சொல்லுவீகளா?

சம்பந்தி: ஊருல வந்தா, குழிக்குள்ள தள்ளி வச்சுக் கழுத்த நெரிச்சுச் சொல்லவச்சான்னு சொல்லுவேன். யாரு இல்லேங்கப் போறா? அஞ்சாப்பு!

அவர் சொல்வது சரி. மிரட்டி வாங்கிய சொல் சபையில் நிற்காது. இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? ஆத்திரம் கணக்கைத் தின்றுவிட்டது. இந்தப் பெட்டியில் இப்போது இருப்பது வெறும் சத்தம்.

நாள் 6. மாலை 5.10

புறப்படுவதென்றால் இப்போது. இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தேன். போனால் உயிர் இருக்கும். செவ்வந்தி இருப்பாள். அவள் குவளையைத் தட்டும்போதெல்லாம் சொல்வாள். வளர்ந்து, அவள் பிள்ளைகளும் சொல்லும். நான் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இவர் மாலை நடை போவார், எனக்கு வணக்கம் சொல்வார்.

கையை எடுத்துவிட்டேன்.

சூரியன் இறங்கிவிட்டது. இனி போக முடியாது.

நாள் 7. காலை 9.00

புது யோசனை. மிரட்டினால் வராதது வேறு விதமாக வரும். இந்த மனிதர் பேசாமல் இருக்க முடியாதவர். சபையில், சாவு வீட்டில், கக்கூஸ் வாசலில் எல்லாம் பேசிக்கொண்டிருப்பவர். இவருக்கு இனி பதில் இல்லை.

வெளிவிளக்கை அணைத்தேன். கண்ணாடித் திரையை இறக்கிவிட்டேன். வானொலியில் என் வாயை அடைத்தேன், காதைத் திறந்து வைத்தேன். பதிவுப் பெட்டி சிறு மின்கலத்தில் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி செத்த வண்டி.

தரையில் மல்லாந்து படுத்திருக்கிறேன். அசையாமல் படுத்து மெல்ல மூச்சு விட்டால் ஒரு உருளை ஒரு நாளுக்கு மேலும் கொஞ்சம் வரும்.

பதினோராம் நாளோடு நான் செத்தேன் என்று அவர் கணக்குச் சொல்லும். அதற்குப் பிறகும் நான் இருக்க வேண்டும்.

நாள் 8. பகல் 11.30

திரை ஓரத்தில் பார்த்தேன். அவர் உடுப்பு மாட்டிக் கதவைத் திறந்து ஒரு கால் வைத்தார். தொடை வரை போனது. கதவைப் பிடித்துத் தொங்கி, ஏறி, உள்ளே போய்விட்டார். பிறகு ஒரு மணி நேரம் என்னைத் திட்டினார். என் வம்சத்தைத் திட்டினார். நல்ல நல்ல வார்த்தைகள். படித்தவருக்கு இவ்வளவு தெரியும் என்று நினைக்கவில்லை.

உடம்பு: தலை கனம். தண்ணீர் அரைக் குவளை.

நாள் 9. காலை 10.00

சம்பந்தி: சம்பந்தியம்மா. ஒரு வார்த்தை. இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. (இருபது நிமிடம் கழித்து) சீனித்தாயி?

என் பெயரைச் சொல்லி இதுவரை கூப்பிட்டதில்லை.

நாள் 10. பகல் 2.00

அவர் பாடுகிறார். பாட்டு எனக்குப் பிடிக்காது. எழுத்து கோணலாகப் போகிறது. இன்னும் ஒன்றரை உருளை.

செவ்வந்திக்கு: உன் ஆச்சி வழி தவறவில்லை. வழி தெரிந்து வந்தாள்.

நாள் 11. மாலை

மணி பார்க்கவில்லை. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டுகிறது.

சம்பந்தி: இன்னைக்கோட பதினொண்ணு. சம்பந்தியம்மா... முடிஞ்சிருச்சு இல்ல? (அழுகை) நான் சொன்னேனே போங்கன்னு. சொன்னேன்ல? பிடிவாதக்காரி.

அழட்டும்.

நாள் 12. காலை 8.15

இருக்கிறேன். உருளையில் கால் பங்கு.

பேசத் தொடங்கிவிட்டார். இது முழுவதும் அவர் வாயிலிருந்து, யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல் வந்தது. ஒரு எழுத்து மாற்றவில்லை:

சம்பந்தி: கேக்கீகளா. கேக்க மாட்டீக. வண்டியும் செத்து, ஆளும் செத்தாச்சு. யாருகிட்டயாவது பேசணும்லா, கிறுக்குப் புடிக்குது. அன்னைக்கு உங்க மக வேண்டாம்னுதான் சொன்னா. மாமா, இது சோதிக்காத எடம், பழைய தடத்துலயே போவோம்னா. நான்தான்... விளிம்புல இருந்து ஒரு படம் புடிக்கணும்னு. தலைவரு உத்தரவு, போ முன்னாலன்னேன். போனா. எறங்கிட்டா. எறங்குன ஒடனே அவ என்ன சொன்னா தெரியுமா? மாமா, பிரேக்கப் போடுங்க, பின்னால வராதீகன்னா. அவ சொல்லலேன்னா நானும் உள்ளதான். இழுக்கக் கயிறு இல்ல. மூணு காலு வைக்க எடமில்லேன்னு கயித்தக் கொட்டகையிலயே போட்டுட்டு வந்திருந்தேன். அத எப்படிச் சொல்ல அவகிட்ட? ஆளக் கூட்டிட்டு வாரேன்னு திருப்பிட்டேன். வண்டி கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. அவ கூப்புட்டுக்கிட்டே வாரா. மாமா, எங்க இருக்கீக, மாமா, கண்ணாடி வரைக்கும் வந்துருச்சு. மூணு மணி நேரம். என்னால கேக்க முடியல. அணைச்சுட்டேன். ரேடியோவ அணைச்சுட்டேன் தாயி. அணைக்குறதுக்கு முன்ன கடைசியா ஒண்ணு சொன்னா. அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீக மாமா, அது எடம் பாக்காம ஓடி வந்துரும்னா.

நாள் 12. காலை. பிறகு

மூன்று மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள்.

நாள் 12. காலை 9.40

அவர் இன்னும் பேசுகிறார். பதிவு:

சம்பந்தி: ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு உருளைய உருட்டி விட்டிருப்பேனே. மேல்தோலு உருளையத் தாங்கும். நூறு அடிதான. இங்கன அஞ்சு சும்மா கெடக்கு. இப்பமும் இருக்கேன்னு ஒரு சத்தம் குடுத்தா உருட்டிவிடுவேன். சத்தியமா.

கொடுப்பார். அதில் பொய் இல்லை. நாளைக்கு ஆள் வந்துவிடும். ஒரு உருளை இருந்தால் நான் உயிரோடு பார்ப்பேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும்.

வானொலியின் பேச்சு விசைக்குமேல் கை வைத்திருக்கிறேன்.

நாள் 12. காலை 10.20

சம்பந்தி: (மூக்கைச் சிந்தும் சத்தம்) சரி. ஆகுறதப் பாக்கணும். நாளைக்கு வருவாங்க. என்ன சொல்ல? பாவம் சீனித்தாயி. வயசாச்சு, கண்ணு தெரியல. சொல்லச் சொல்லக் கேக்காம தடம் விலகிட்டாக. நான் பின்னாலயே போயி மாட்டிக்கிட்டேன். இல்ல... காப்பாத்தப் போயி மாட்டிக்கிட்டேன். அது நல்லாருக்கு. காப்பாத்தப் போனேன். தாயும் மகளும் ஒரே எடத்துல. கேட்டா எல்லாரும் அழுவாக. எழுதுன ஏட்ட மட்டும் முதல்ல நான் எடுத்துரணும்.

கையை எடுத்துவிட்டேன்.

நாள் 12. பகல்

கண்டெடுப்பவர்களுக்கு. கவனமாகப் படியுங்கள்.

ஏட்டையும் பெட்டியையும் உடுப்புக்குள், நெஞ்சோடு கட்டியிருக்கிறேன். என்னைத் தூக்குகிறவர் கைக்குத்தான் கிடைக்கும். அவர் கைக்குக் கொடுக்காதீர்கள்.

அவரைப் பத்திரமாக வெளியே எடுங்கள். கயிறு என் வண்டியில் இருக்கிறது, நல்ல கயிறு. ஒரு கீறல் படாமல் ஊருக்குக் கொண்டுபோங்கள். குளிக்கட்டும். நல்ல சட்டை போடட்டும். சபையைக் கூட்டுங்கள். எல்லாரும் வர வேண்டும், பயிற்சிப் பிள்ளைகளும். செவ்வந்தி முன்வரிசையில்.

முதலில் அவரைப் பேச விடுங்கள். குறுக்கே யாரும் பேசாதீர்கள். காப்பாற்றப் போனதை முழுக்கச் சொல்லட்டும். அழட்டும். ஊரும் அழட்டும். முடித்து உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுங்கள்.

பிறகு பெட்டியை ஓடவிடுங்கள். இன்று காலை எட்டேகாலிலிருந்து.

நாள் 12.

மறுபடி கூப்பிடுகிறார். சம்பந்தியம்மா என்கிறார். தனியாக இருக்க முடியவில்லையாம். ஏதோ சத்தம் கேட்டதாம் என் வண்டியில், உயிரோடு இருக்கீகளா என்கிறார். உருளையை எடுத்துக் கதவில் வைத்திருக்கிறாராம்.

இப்போதுதான் கூப்பிடத் தொடங்கியிருக்கிறார். மூன்று மணி நேரம் ஆகட்டும்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கி